மூன்றாவது சுற்று

முபாரிஸின் எண்ணிக்கை தப்பாது என்பது மண் பரிசோதிக்கும் கூட்டத்தில் எல்லோருக்கும் தெரியும். தெரியாதவர்களுக்கு அவனே சொல்லிவிடுவான். துளைக்குள் இறக்கிய குழாயின் தலையில் கனத்த சம்மட்டி விழும். குழாய் முப்பது சென்ரிமீற்றர் இறங்க எத்தனை அடி விழுந்தது என்று எண்ணுவான். எண்ணிக்கை கூடினால் மணல் கெட்டி. குறைந்தால், நிலம் அதிரும்போது நீர் ஊறிய மணல் கூழாகிக் கட்டடத்தைச் சரித்துவிடக்கூடும்.

"இங்க எங்க மிஸ் பூமி அதிருது?" என்று பொறியியலாளர் வதனாவைச் சீண்டுவான்.

"அதிராட்டி நல்லது. அதிர்ந்தா என்ன நடக்கும் எண்டுதான் பாக்கிறம்."

பள்ளிவாசல்துறையில் பிரசவ விடுதி கட்டுவதற்கு இடம் பார்த்தார்கள். பதினைந்துக்கு மேல் வந்தால் அப்படியே கட்டலாம் என்றாள் வதனா. காலையில் சம்மட்டியைத் தூக்கிவிடும் கயிற்றை முபாரிஸ் பிடித்தான்; பதினெட்டு அடி. மதியம் ளுஹர் தொழுதுவிட்டு வந்தால், மூன்று மீற்றர் தள்ளி, அதே ஆழத்தில், கூட வேலை செய்யும் கில்பட் பன்னிரண்டு என்கிறான். வேறு யாராவது என்றால் கில்பட்டுக்கு எண்ணத் தெரியாது என்று சொல்லிவிட்டுச் சாப்பிடப் போயிருப்பார்கள். முபாரிஸுக்கு அந்த ஆறு அடி எங்கே போனது என்று தெரியாமல் சோறு இறங்கவில்லை.

கில்பட்டின் கையையே பார்த்துக்கொண்டு நின்றான். சம்மட்டியைத் தூக்கும் உருளையில் கில்பட் கயிற்றை இரண்டு சுற்றுச் சுற்றினான். முபாரிஸ் எப்போதும் மூன்று. மன்னாரிலிருந்து கைக்குழந்தையாக வந்து, இந்தக் கரையில் வாப்பாவோடு தோணி இழுத்து வளர்ந்தவன். தோணிக் கயிறு வழுக்காமலிருக்க மூன்று சுற்று வேண்டும். கை அதையே பழகிவிட்டது.

மறுநாள் இரண்டு துளைகளுக்கும் நடுவே, இரண்டே சுற்றில் தானே அடித்துப் பார்த்தான். பதின்மூன்று. மூன்றாவது சுற்று கயிற்றை இறுக்கிப் பிடித்ததால் இத்தனை நாளும் சம்மட்டி மெதுவாக விழுந்திருக்கிறது. அடி கூடியது, இளகிய மணலுக்குக் கெட்டி என்று பேர் வந்தது.

கண்டுபிடித்த சந்தோஷம் ஒரு நிமிடம்தான். இத்தனை நாளும் எண்ணியதெல்லாம் பிழை. பேசாமல் நாளையிலிருந்து இரண்டு சுற்றுப் போட்டால் யாருக்கும் தெரியாது. வேலையும் இருக்கும், பேரும் இருக்கும்.

வதனாவிடம் போய் எல்லாவற்றையும் சொன்னான்.

அவள் கோபிக்கவில்லை. கொப்பியைத் திறந்தாள். "நல்ல காலம், இங்க இன்னும் அத்திவாரம் வெட்டேல்லை. வேற எங்கெங்க நீங்க கயிறு பிடிச்சனீங்கள்?"

நான்கு வருடத்து இடங்களை ஒவ்வொன்றாகச் சொன்னான். கடைசியில் ஒன்று மிஞ்சியது. "கரைத்தீவுப் பக்கம், ரெண்டு மாடிப் பள்ளிக்கூடம். போன வருஷம் கட்டினது."

"பிள்ளையள் படிக்கினமோ?"

"ஓம், மிஸ். எங்கட மகள் றஹ்மா மேல் மாடி வகுப்பிலதான் படிக்கிறா. அதை முதல்ல எழுதுங்க."