வெள்ளிக்கிழமைப் பூசை முடிந்து ஃபக்கா தேடப் போனோம்

பிப்ரவரி மாதத்து இரண்டாவது வெள்ளிக்கிழமை, நானும் என் மனைவி ஸ்டெல்லாவும் குவைத்தின் மேற்கே, சால்மி சாலையோரப் பாலைவனத்துக்கு ஃபக்கா தேடப் போனோம். மழைக்குப் பிறகு மண்ணுக்குள்ளேயே விளையும் காளானுக்கு இங்கே ஃபக்கா என்று பெயர். பார்த்தால் உருளைக்கிழங்கு என்றுதான் சொல்வீர்கள். சர்ச்சில் நாலைந்து பேர் வழி கேட்டதால் எழுதுகிறேன். சொந்தக் கதையும் கொஞ்சம் வரும். ஸ்டெல்லா படித்துப் பார்த்து, இரண்டு வரிகளை அடித்துவிட்டு, “சரி, போடுங்க” என்று சொன்ன பிறகுதான் போடுகிறேன்.

ஸ்டெல்லா டயாலிசிஸ் பிரிவில் நர்ஸ். அங்கே சிகிச்சைக்கு வரும் ஒரு குவைத்தி டீச்சர், இந்த வருடம் மழை சீக்கிரமே வந்துவிட்டது, ஃபக்கா கிடைக்கும் என்று அவளிடம் சொல்லியிருக்கிறார். சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது, “நாமளும் ஒரு நாளு போவமா?” என்று கேட்டாள். மூன்று மாதத்தில் அவள் வாய் திறந்து கேட்ட முதல் விஷயம் அதுதான். கல்யாணமாகிப் பதினோரு வருடம். மூன்று தடவை ஐவிஎஃப் செய்தோம், மூன்றும் நிற்கவில்லை. கடைசித் தடவைக்குப் பிறகு டியூட்டிக்குப் போவாள், வருவாள், சமைப்பாள், தூங்குவாள். பேச்சு மட்டும் இல்லை.

நானோ ஏசி டெக்னீஷியன். ஒன்று ஓடவில்லை என்றால் எங்கே கோளாறு என்று தேடுவதுதான் பிழைப்பு. அவளிடம் கேட்காமலே நாலாவது தடவைக்கு, அந்த வெள்ளிக்கு அடுத்து வரும் ஞாயிறு காலை பத்து மணிக்கு அப்பாயின்ட்மென்ட் வாங்கி வைத்திருந்தேன். பாலைவனத்தில் அவள் கையில் ஒரு ஃபக்கா கிடைத்துவிட்டால் மனசு குளிர்ந்துவிடும், அந்த நேரம் பார்த்துச் சொன்னால் சம்மதிப்பாள் என்பது என் திட்டம். அவள் சம்மதிக்க வேண்டுமே என்ற பயத்தோடுதான் அன்று வண்டியை எடுத்தேன்.

எங்களுக்கு இடம் காட்ட ஒத்துக்கொண்டவர் கீழக்கரை ஜமால் பாய். ஒரு குவைத்திக் குடும்பத்தில் இருபது வருடமாக டிரைவர். சீசனில் அந்தக் குடும்பம் பாலைவனத்தில் கூடாரம் போடும், இவரும் கூடவே போவார். “ஜும்மா தொழுதுட்டு மூணு மணிக்கு வந்துருவேன். நீங்களும் அப்ப வாங்க, போதும்” என்று சொல்லியிருந்தார். நான் கேட்டால்தானே. இங்கே வார விடுமுறை வெள்ளிதான் என்பதால் எங்களுக்கு அன்று எட்டு மணிக்குப் பூசை, ஒன்பதரைக்கு முடிந்துவிடும். அதன்பிறகு மூன்று மணிவரை வீட்டில் உட்கார்ந்து என்ன செய்ய? சீக்கிரம் போனால் கூட நேரம் தேடலாம், கூட நேரம் தேடினால் கூடக் கிடைக்கும் என்று கணக்குப் போட்டேன். ஓவர்டைம் பார்த்துப் பழகிய புத்தி வேறெப்படி யோசிக்கும்?

எங்கள் வீடு இருக்கும் ஃபர்வானியாவிலிருந்து 9:50-க்குக் கிளம்பினோம். பெட்ரோல் மூன்று தினார். ஜஹ்ராவில் இரண்டு கரக் சாயாவும் நாலு குபூஸ் ரொட்டியும் வாங்கினோம், அறுநூறு ஃபில்ஸ். ஜஹ்ரா தாண்டியதும் சால்மி சாலை. அதில் ஐம்பத்தைந்து கிலோமீட்டர் ஓடி, ஜமால் பாய் அனுப்பிய லொகேஷன்படி வலது பக்கம் மண்பாதையில் மூன்று கிலோமீட்டர். வீட்டிலிருந்து மொத்தம் எண்பத்து நாலு. 11:20-க்குப் போய்ச் சேர்ந்துவிட்டோம். எங்களுடைய சாதாரண கார்தான், மண்பாதை கெட்டியாக இருந்ததால் பிரச்சினை இல்லை.

முதலில் மென்மணல் மேட்டில் தேடினோம். தோண்டச் சுலபம் என்றுதான் அங்கே போனோம். ஒன்றும் இல்லை. அடுத்து சரளைக்கல் தரையில் பார்த்தோம், அங்கேயும் இல்லை. மூன்றாவதாக ஒரு பள்ளம். மழைத்தண்ணீர் ஓடிய தடம் மெல்லிசாகத் தெரிந்தது, முழங்காலுக்கும் கீழே குட்டிக் குட்டிச் செடிகள். அங்கே இரண்டு மணி நேரம் குறுக்கும் நெடுக்குமாக நடந்தோம். ஊரில் காளான் என்றால் வெள்ளையாகக் குடை விரித்து நிற்கும். கண்ணும் அதையேதான் தேடியது. உச்சி வெயிலில் தரை முழுக்க ஒரே நிறமாகத் தெரிந்தது. ஸ்டெல்லா கார் நிழலில் போய் உட்கார்ந்துவிட்டாள்.

“இருந்தாத்தானே கிடைக்கும்” என்றாள். அவள் ஃபக்காவை மட்டும் சொல்லவில்லை என்பது எனக்கும் தெரியும். சாயாவைக் குடித்துச் சமாளித்தேன்.

ஜமால் பாய் 2:50-க்கு வந்தார். இறங்கியதும் எங்கள் கால்தடங்களைப் பார்த்துச் சிரித்தார். “என்னங்க இது, ஆடு மேய்ச்ச மாதிரி மிதிச்சு வச்சிருக்கீங்க? காலைல சூரியன் ஏறுறதுக்குள்ள வரணும், இல்லைன்னா சாயந்திரம் வரணும். நடுப்பகல்ல அரபியே வரமாட்டான்.”

அஸர் தொழுதுவிட்டு வந்து, பிளாஸ்க்கிலிருந்து பால் இல்லாத சுலைமானி டீ ஊற்றிக் கொடுத்தபடி விளக்கினார். காட்டுக் காளானுக்கு மரநிழல், மக்கிய இலை, ஈரம் எல்லாம் வேண்டும். இங்கே மரம் ஏது? மரம் பார்க்கும் வேலையை ரக்ரூக் என்ற சாண் உயரச் செடி பார்க்கிறது. அதன் வேரைப் பிடித்துக்கொண்டுதான் ஃபக்கா வளரும். மண் ரொம்ப இளகலாகவும் இருக்கக் கூடாது, இறுகியும் இருக்கக் கூடாது. தண்ணீர் வந்து போக வேண்டும், தேங்கக் கூடாது. முக்கியமாக அக்டோபர், நவம்பரில் முதல் மழை இடியோடு விழ வேண்டும் என்பது இங்கத்துக்காரர்களின் நம்பிக்கை. பிறகும் விட்டுவிட்டு மழை வேண்டும். ஜனவரியில் கொட்டோ கொட்டென்று கொட்டினாலும் முதல் மழை தவறியிருந்தால் மாஃபி, ஒன்றும் கிடைக்காது.

“அது மண்ண விட்டு வெளிய வராது. உள்ள பெருக்கும்போது மேல மண்ணு லேசாத் தூக்கும், வெடிப்பு விடும். அந்த மேடு விரல் கனம்கூட இருக்காது. சூரியன் சாஞ்சாத்தான் அதோட நிழல் தெரியும். சூரியனப் பாத்து நடக்கணும்” என்றார்.

3:40-க்கு அதே பள்ளத்தில் மேற்கு பார்த்து நடந்தோம். மத்தியானம் வழவழவென்று கிடந்த தரையில் இப்போது ஒவ்வொரு கல்லுக்கும் ஒரு நிழல். பத்து நிமிடத்தில் ஜமால் பாய் இரண்டு எடுத்துவிட்டார். நான் ஆசையாகத் தோண்டிய முதல் மேட்டிலிருந்து ஒரு வண்டு வெளியே வந்து என்னை முறைத்தது.

ஸ்டெல்லா நின்றாள். மத்தியானம் நாங்கள் பதித்த இரண்டு கால்தடங்களுக்கு நடுவே, நட்சத்திரம் மாதிரி ஒரு வெடிப்பு. அவள் உடனே தோண்டவில்லை. மண்டியிட்டு, நோயாளியின் கையில் நரம்பு தேடுவது போல இரண்டு விரலால் மண்ணைத் தொட்டுத் தொட்டு அழுத்திப் பார்த்தாள். பிறகு வீட்டிலிருந்து கொண்டுவந்த பழைய தோசைக்கரண்டியை ஓரத்தில் செருகி மெல்ல நெம்பினாள். வெளிர் நிறத்தில், உள்ளங்கை நிறைய ஒரு ஜுபைதி வந்தது. ஃபக்காவில் வெள்ளை ரகத்துக்கு அப்படிப் பெயர், அதற்குத்தான் மவுசு.

“பாத்தியளா” என்றாள். முகம் மலர்ந்திருந்தது. இதுதான் நேரம் என்று வாயைத் திறந்தேன், “நல்லாப் பெருசு” என்று மட்டும் வந்தது. அப்பாயின்ட்மென்ட்டைச் சொல்லவில்லை.

ஒரு மணி நேரத்தில் ஏழு கிடைத்தன. அதன்பிறகு ஐம்பது மீட்டர் தள்ளி இன்னொரு பள்ளத்துக்குப் போனோம். முதல் பள்ளத்தைவிட அருமையான இடம் அது. ரக்ரூக் அடர்த்தியாக நின்றது. அதே மண், அதே மழை. ஆனால் ஒன்றுகூட இல்லை. எனக்குப் பொறுக்கவில்லை. வெடிப்பு இல்லாத இடத்திலும் கொத்திப் பார்த்தேன். நாலு குழி ஆகிவிட்டது. உப்பு கூடியிருக்குமோ, வண்டி ஏறி மண் இறுகியிருக்குமோ, தண்ணீர் பற்றவில்லையோ என்று வரிசையாகக் கேட்டேன். “எங்கதான் பாய் கோளாறு?”

ஜமால் பாய் கரண்டியை என் கையிலிருந்து வாங்கிக்கொண்டார். “ஒரு கோளாறும் இல்லைங்க. எல்லாம் சரியா இருந்தும் சில வருசம் வராது. மண்ண யாரும் குத்தம் சொல்லமாட்டாங்க. சும்மா கொத்திக்கிட்டே இருந்தா வேர் அறுந்து செடியும் போயிரும். விட்டுரணும். கலாஸ், அவ்வளவுதான்.” எங்கள் விஷயம் எதுவும் அவருக்குத் தெரியாது. கரண்டியை ஸ்டெல்லாவிடம் கொடுத்துவிட்டு, கிடைத்ததை வண்டியில் வைக்கப் போனார்.

ஸ்டெல்லா அந்த நாலு குழிகளையும் பார்த்தபடி நின்றாள். “எனக்கு நாலாவது தடவை வேண்டாம்” என்றாள்.

நான் கையில் ஒட்டிய மண்ணைத் தட்டிக்கொண்டேன்.

“உங்களுக்கு வேணும்னு தெரியும். உங்க அம்மைக்கும் வேணும். நான் தினமும் பத்துப் பேருக்கு ஊசி குத்துறேன். இனி என்னை யாரும் குத்தவேண்டாம். இதைச் சொன்னா நீங்க உடைஞ்சிருவியளோன்னுதான் மூணு மாசமா வாயைத் திறக்கல.”

மறைக்க மனசு வரவில்லை. “ஞாயித்துக்கிழமைக்கு அப்பாயின்ட்மென்ட் வாங்கிட்டேன் ஸ்டெல்லா” என்றேன்.

“எங்கிட்ட கேக்காமலா?”

“தப்புதான்.”

அவள் திரும்பி நடந்தாள். ஒரு இருபது அடி போய் எனக்கு முதுகு காட்டி நின்றாள். அழுகிறாள் என்பது தோளைப் பார்த்தே தெரிந்தது. போய்த் தொடுவதா, விடுவதா என்று தெரியவில்லை. பதினோரு வருடத்தில் அவளைத் தொட அப்படிப் பயந்ததில்லை. கொஞ்ச நேரம் கழித்து அவளே வந்து கரண்டியை நீட்டினாள். “தோண்டினதை முதல்ல மூடுங்க.” தோண்டிய குழியை மூடிவிட்டுத்தான் போக வேண்டும், அது இங்கே எல்லோரும் கடைப்பிடிக்கும் வழக்கம். நான் மூட மூட, அவளும் பக்கத்தில் உட்கார்ந்து கையால் மண்ணைத் தள்ளினாள். அவ்வளவு லேசாக நான் மூச்சு விட்டு நாளாகியிருந்தது.

5:20-க்குக் கிளம்பி ஏழு மணிக்கு வீடு. ஜமால் பாய் மூன்றை வைத்துக்கொண்டு நாலை எங்களுக்குத் தந்தார். எட்டுத் தண்ணீரில் கழுவினோம், ஒன்பதாவதிலும் மணல் இருந்தது. தோல் சீவி, உப்புப் போட்டு வேகவைத்து, வெங்காயம், மிளகோடு பிரட்டினோம். சேப்பங்கிழங்குக்கும் ஆட்டு ஈரலுக்கும் நடுவில் ஒரு ருசி. வழியெல்லாம் பேசாமல் வந்தவள், சாப்பிடும்போது என் தட்டிலிருந்து ஒரு துண்டை எடுத்துக்கொண்டாள்.

போக நினைப்பவர்களுக்குச் சில விஷயங்கள். தெரிந்த ஆள் இல்லாமல் போகாதீர்கள், தெரியாத காளானை வாயில் வைக்காதீர்கள். இது நர்ஸ் போட்ட கண்டிஷன். மண்ணில் இரும்புத் துண்டு எதைப் பார்த்தாலும் தொடாமல் விலகிவிடுங்கள், பழைய போர்க்காலக் குண்டுகள் இன்னும் கிடக்கலாம். வேலி போட்ட இடத்துக்குள் நுழையாதீர்கள். செடிமேல் வண்டி ஏற்ற வேண்டாம். ஆளுக்கு மூன்று லிட்டர் தண்ணீர், பழைய தோசைக்கரண்டி ஒன்று, துணிப்பை ஒன்று போதும். பிளாஸ்டிக் பையில் வேர்த்து அழுகிவிடும். பூசை முடிந்து நேராகப் போக நினைப்பவர்கள் மதியம் வீட்டில் நன்றாகத் தூங்கிவிட்டு இரண்டு மணிக்குக் கிளம்புங்கள். அத்தனையும் செய்து வெறுங்கையோடு திரும்பினாலும் அந்த இடத்தைத் திட்டாதீர்கள்.

சனிக்கிழமை காலை கிளினிக்குக்குப் போன் போட்டு அப்பாயின்ட்மென்ட் வேண்டாம் என்றேன். எடுத்த பெண் மலையாளி, அன்பாகத்தான் பேசினாள். அடுத்த தேதி வேண்டுமா என்றாள். வேண்டாம் என்றேன். கம்ப்யூட்டரில் காரணம் போட வேண்டும், என்ன போடட்டும் என்று கேட்டாள். “காரணம் கேக்குறாங்க” என்று யூனிஃபார்மோடு டியூட்டிக்குக் கிளம்பி நின்ற ஸ்டெல்லாவைப் பார்த்தேன்.

அவள் செருப்பை மாட்டிக்கொண்டே சொன்னாள்: “ரெண்டு பேரும் நல்லா இருக்கோம்னு போடச் சொல்லுங்க.”