இடைவேளையில் அம்பைத் திருப்பியது யார்?

டெல்லி துவாரகாவில் பூவராகவனின் வீட்டுக் கதவு ஒரே தடவையில் பூட்டப்பட்டதாகச் சரித்திரம் கிடையாது. மனைவி அம்பிகா பூட்டுவாள். இவர் இழுத்துப் பார்ப்பார். லிஃப்ட் வரை போய்த் திரும்பி வந்து இன்னொரு தடவை இழுப்பார். மெட்ரோவில் பக்கத்து ஆள் சிரித்தால் சட்டைப்பையைத் தொட்டுக்கொள்வார். அமைச்சகத்தில் செக்‌ஷன் ஆபீசர். கீழே உள்ளவர்கள் சரிபார்த்துக் கட்டிய கோப்பை அவிழ்த்து முதல் பக்கத்திலிருந்து மறுபடி படிப்பார். இந்த மனுஷனோடு இருபத்தாறு வருஷம் குடித்தனம் நடத்திய அம்பிகாவுக்குத்தான் முதல் கோப்பையைக் கொடுக்க வேண்டும்.

அவர் சந்தேகமில்லாமல் நேசித்தது பாஸ்கெட்பால் ஒன்றைத்தான். நெய்வேலியில் பள்ளிக்கூடக் காலத்தில் ஆடியவர். டெல்லிக்கு வேலைக்கு வந்தபின் முழங்கால் கைவிட்டதால், பரீட்சை எழுதித் தேறி, ஆட்டக்களத்தின் ஓரத்தில் மேசை போட்டு உட்கார்ந்து புள்ளி எழுதுகிறவர்களில் ஒருவரானார்.

அந்த மேசையின் மேல் சின்னதாக ஒரு பலகை இருக்கும். அதில் சிவப்பு அம்பு. இரண்டு பேர் ஒரே பந்தைப் பிடித்துக்கொண்டு விடாமல் மல்லுக்கட்டினால், அம்பு எந்தப் பக்கம் காட்டுகிறதோ அந்த அணிக்குப் பந்து. கொடுத்ததும் அம்பை மறுபக்கம் திருப்ப வேண்டும். பாதி ஆட்டம் முடிந்து அணிகள் பக்கம் மாறும்போதும் ஒருமுறை திருப்ப வேண்டும். குழந்தைகூடச் செய்யக்கூடிய வேலை. போன வருஷம் இதில்தான் இந்தியப் பெண்கள் அணி கோப்பையைக் கோட்டைவிட்டது.

டெல்லியில் நடந்த ஆசிய அழைப்புக் கோப்பையின் இறுதி ஆட்டம். எதிரே தாய்லாந்து. அன்றைக்குப் புள்ளித்தாளும் அம்பும் ஜம்புவின் பொறுப்பு. ஜம்பு டெல்லி கோல் மார்க்கெட் பக்கத்து அரசு குவார்ட்டர்ஸில் பிறந்து வளர்ந்து, இப்போதும் சர்க்கார் உத்தியோகத்தில் இருப்பவர். பூவராகவன் அவருக்குப் பக்கத்தில் உதவியாளர். கடைசி நிமிஷத்தில் இந்தியா ஒரு புள்ளி முன்னே இருக்கும்போது, கேப்டன் மதுமதியும் ஒரு தாய்லாந்துப் பெண்ணும் பந்தைக் கட்டிப் பிடித்துக்கொண்டார்கள். அம்பு தாய்லாந்தைக் காட்டியது. பந்து போனது, கூடையில் விழுந்தது, கோப்பையும் போனது. பந்தை விட்டாள் என்று மதுமதியைத் திட்டாத வாய் இல்லை. மறுநாள் வீடியோவைப் பார்த்த பிறகுதான் தெரிந்தது: இடைவேளை முடிந்தபோதும் அம்பு பழைய பக்கமே காட்டியது; இடைவேளையைக் கேமரா பிடிக்கவில்லை. இரண்டாம் பாதி முழுக்க எல்லாமே தலைகீழாக ஓடியிருக்கிறது.

“நான் திருப்பினேன். சத்தியமாத் திருப்பினேன்” என்றார் ஜம்பு. விசாரணைக் குழு பூவராகவனிடம் கேட்டது. அவர் குண்டு குண்டான எழுத்தில் எழுதிக் கொடுத்தார்: ‘ஜம்பு அம்பைத் திருப்பியதை நான் பார்க்கவில்லை. அவருடைய மகன் அர்விந்த் பாங்காக்கில் வேலை பார்ப்பதையும் குழு கவனத்தில் கொள்ளலாம்.’ இரண்டாவது வரியை யாரும் கேட்கவில்லை. ஜம்புவுக்கு ஒரு வருஷம் மேசைப் பக்கம் வரக்கூடாது என்று தடை விழுந்தது.

இந்த வருஷம் அதே கோப்பை, அதே அரங்கம். இந்திய அணி விழுந்து எழுந்து இறுதி ஆட்டத்துக்கு வந்தால் எதிரே மறுபடி தாய்லாந்து. அம்பு இம்முறை பூவராகவன் கையில். அன்று காலை அவருடைய உதவியாளருக்கு டெங்கு என்று போன் வந்தது. டெங்குதானா என்று அந்த ஆளின் வீட்டுக்கே போன் போட்டுக் கேட்டார். டெங்குதான். வேறு ஆள் கிடைக்காமல், போன வாரம் தடை முடிந்த ஜம்புவை உட்கார வைத்தார்கள். பூவராகவனுக்குச் சோறு இறங்கவில்லை. ஒரு வருஷம் அவமானப்பட்ட மனுஷன், பழி வாங்க இதைவிட நல்ல நாள் கிடைக்குமா?

“நமஸ்காரம், பூவராகவன். சௌக்கியமா?” என்றார் ஜம்பு. தலைமுடி போன வருஷத்தைவிட நன்றாக நரைத்திருந்தது.

“ம். இருக்கன்.” சொல்லிக்கொண்டே அம்புப் பலகையைத் தன் இடப்பக்கம் நகர்த்தி வைத்தார்.

“நான் அதைத் தொடமாட்டேன். பயப்படாதேங்கோ.”

“பயமா? எனக்கென்ன பயம்? பழக்கம், அவ்ளோதான்.”

ஆட்டம் தொடங்கியது. பூவராகவனின் ஒரு கண் களத்தில், ஒரு கண் ஜம்பு மேல். ஜம்பு தண்ணீர் குடித்தால் ஏன் குடிக்கிறார்? அவருடைய போன் மினுங்கியபோது எட்டிப் பார்த்தார். மனைவி விஜயலக்ஷ்மி அனுப்பியது: ‘வரும்போது தயிர்.’ தயிர் என்றால் தயிர்தானா என்றுகூட அரை நிமிஷம் யோசித்தார் என்றால் பார்த்துக்கொள்ளுங்கள்.

பாதி ஆட்டம் முடிந்தது. இந்தியா நான்கு புள்ளி பின்னே. மணி அடித்த கையோடு அம்பைத் திருப்பினார். “பாத்துக்குங்க சார், திருப்பிட்டன்” என்று சத்தமாகவும் சொன்னார். தேநீருக்குப் போகாமல் காவல் காத்தார். சர்க்கரை வியாதி உள்ள உடம்பு எத்தனை நேரம் கேட்கும்? பத்தாவது நிமிஷத்தில் கழிப்பறைக்கு எழுந்தாக வேண்டியதாயிற்று. போகும் முன் போனை எடுத்து அம்பைப் படம் பிடித்துக்கொண்டார்.

ஓட்டமும் நடையுமாகத் திரும்பி வந்தபோது அணிகள் களத்துக்குள் வந்துவிட்டன. ஜம்பு கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். பூவராகவன் அம்பைப் பார்த்தார். இந்த ஆள் ஏதோ செய்திருப்பான் என்று மனசு சொன்னது. சொல்லி முடிப்பதற்குள் கை பலகைக்குப் போய்விட்டது.

“தொடாதேங்கோ!” ஜம்பு எட்டி அவர் மணிக்கட்டைப் பிடித்தார். “அது சரியாத்தான் இருக்கு.”

“கைய விடு! நான் போனதும் திருப்பிட்ட. தெரியும் எனக்கு.”

“நான் தொடவே இல்லை. போட்டோ எடுத்தேளே, அதைப் பாருங்கோ.”

பார்த்தார். படத்தில் அம்பு எந்தப் பக்கமோ, பலகையிலும் அதே பக்கம்தான். யாரும் தொடவில்லை. ஜம்பு பிடித்திருக்காவிட்டால், இவரே கெடுத்திருப்பார்.

அப்போதுதான் அவருக்கு ஞாபகம் வந்தது. போன வருஷமும் இதேபோல் திரும்பி வந்தார். ஜம்பு தேநீருக்குப் போயிருந்தார். பூவராகவன் இடது கையில் காகிதக் கோப்பையுடன் நின்று அம்பைப் பார்த்தார். இந்த ஆள் எங்கே திருப்பியிருக்கப் போகிறான் என்று வலது கையால் ஒரு திருப்பு திருப்பிவிட்டு உட்கார்ந்து சமோசா தின்றார். கதவை இழுத்துப் பார்த்ததை யாராவது ஞாபகம் வைத்துக்கொள்வார்களா? அப்படித்தான் இதுவும் மறந்துபோனது. ஜம்பு திருப்பியது நிஜம். அதை மறுபடி திருப்பியது இவர்.

விசில் ஒலித்தது. இரண்டாம் பாதி முழுக்க யந்திரம்போலப் புள்ளி எழுதினார். கடைசி ஒன்பது வினாடி. இந்தியா ஒரு புள்ளி பின்னே. மதுமதி பாய்ந்து எதிராளியின் பந்தைக் கட்டிப் பிடித்தாள். இருவரும் விடவில்லை. நடுவர் விசில் அடித்து மேசையைப் பார்த்தார். அரங்கமே அம்பைப் பார்த்தது. இந்தியா. பந்து உள்ளே வந்தது, மதுமதி மூன்று பேருக்கு நடுவே எம்பிப் போட்டாள், மணி அடித்தது. ஒரு புள்ளியில் கோப்பை. பெண்கள் ஒருவர் மேல் ஒருவர் விழுந்தார்கள். மதுமதி தரையில் உட்கார்ந்து வாய்விட்டு அழுதாள். ஒரு வருஷமாகத் தின்ற வசவையெல்லாம் அழுது தீர்த்தாள். மேசையில் இருந்தவர்களும் எழுந்து கத்தினார்கள். பூவராகவன் மட்டும் எழவில்லை.

“ஜம்பு சார்” என்றார். “போன வருஷம் நீங்க திருப்பினீங்க. அதுக்கு மேல நான்தான் திருப்பிட்டன். இப்பத்தான் ஞாபகம் வந்துச்சு. தெரிஞ்சு செய்யல சார். மன்னிச்சிடுங்க.”

ஜம்பு கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

“ஆத்துல ஒருத்தரும் நம்பலை, ஓய்” என்றார் கடைசியில். “ஸ்ம்ருதி, என் பொண்ணு, ‘கோயி பாத் நஹி அப்பா, பரவாயில்லை, மறந்திருப்பே’ன்னா. நாலு தடவை சத்தியம் பண்ணினேன். அப்புறம் எனக்கே தோண ஆரம்பிச்சுடுத்து, திருப்பலையோன்னு. ஞாபகம் போயிண்டிருக்குன்னு டாக்டர்கிட்ட போனேன். ஸ்கேன் எடுத்தா. காஸ் அணைச்சேனான்னு எழுந்து எழுந்து பார்க்கறேன் இப்போ.”

பூவராகவனுக்குத் தன் சந்தேக வியாதியை இந்த மனுஷனுக்குக் கொடுத்துவிட்டோமே என்று வெட்கமாக இருந்தது.

“எழுதிக் குடுங்கோ” என்றார் ஜம்பு.

பூவராகவன் எழுதினார். பாங்காக் வரியையும் திரும்பப் பெறுவதாக எழுதிக் கையெழுத்துப் போட்டார். ஜம்பு தாளை வாங்கி ஒரு முறை படித்தார். மறுபடி முதல் வரியிலிருந்து படித்தார். தாளின் பின்பக்கத்தையும் திருப்பிப் பார்த்தார்.

“தேதி போடலையே?”

போட்டார்.

“ஒரு சாட்சிக் கையெழுத்தும் வேணும்.”

என் மேல் நம்பிக்கை இல்லையா சார் என்று கேட்க பூவராகவனுக்கு நாக்கு நுனி வரை வந்துவிட்டது. எழுந்து சாட்சியைத் தேடிப் போனார்.