தெரியாத ஓர் அரபுச் சொல்

தோஹாவின் நஜ்மா பகுதியில் மளிகைக்கடை வைத்திருக்கும் கீழக்கரை செய்கு அலாவுதீனுக்கு அரபு நன்றாகத் தெரியும் என்று அங்குள்ள தமிழர்கள் நம்பினார்கள். உண்மையில் அது வெங்காயமும் அரிசியும் விற்றுப் பழகிய அரபு. விசா கொடுத்த அரபு முதலாளியான கஃபீலிடம் பேச வேண்டுமென்றாலும், மருத்துவமனையில் நோயை விளக்க வேண்டுமென்றாலும் அவரைத்தான் அழைப்பார்கள். அவர் மறுத்ததில்லை, அந்த மதிப்பு அவருக்குப் பிடித்திருந்தது.

அந்த வட்டாரத்தில் போர் தொடங்கிய சில வாரங்களில், வளைகுடாவுக்கு வெளியே ஒரு சரக்குக் கப்பலை நீர்மூழ்கிக் கப்பலொன்று டார்பிடோ ஏவி மூழ்கடித்தது. அக்கப்பலின் சமையற்காரர் பாண்டித்துரை, தோஹா வரும்போதெல்லாம் அலாவுதீனின் கடைக்கு வருபவர். செய்தியறிந்த அவர் மனைவி அகிலா, முதுகுளத்தூரிலிருந்து கடைக்கே அழைத்தாள்.

"கம்பெனியில யாருமே போன எடுக்கல பாய். நீங்க அரபுல கேட்டுச் சொல்லுங்க."

மீட்கப்பட்டவர்களை இறக்கிய துறைமுகத்தின் அலுவலகத்தோடு, கடையில் நின்றவர்கள் முன்னிலையிலேயே அலாவுதீன் பேசினார். எழுத்தர் பெயரைச் சரிபார்த்து ஒரே சொல்லில் பதில் சொன்னார். அது 'மௌஜூத்' போல ஒலித்தது. முழுக்க அப்படியும் இல்லை. மௌஜூத் என்றால் 'இருக்கிறது'. கடையில் அன்றாடம் புழங்கும் சொல். திரும்பக் கேட்க வாயெடுத்தவர், சுற்றி நின்ற முகங்களைப் பார்த்ததும் கேட்காமல் விட்டார்.

"என்ன பாய் சொல்றான்?"

"மௌஜூத். ஆளு இருக்காரு."

"அரபிக்கே அரபு சொல்லிக் குடுப்பாரு நம்ம பாய்!" என்றான் டிரைவர் வைரவன். எல்லோரும் சிரித்தார்கள். அகிலாவிடம் சொன்னபோது அவள் அழுதுகொண்டே சிரித்தாள்.

மறுநாள் காலை எழுத்தரே அழைத்து, குடும்பத்துக்கு யார் தெரிவிப்பது என்று கேட்டார். அலாவுதீன் இம்முறை நிறுத்தி நிறுத்திக் கேட்டார். அந்தச் சொல் 'மஃப்கூத்'. காணவில்லை. தேடுவதும் கலாஸ், முடிந்துவிட்டது என்றார் எழுத்தர்.

"கம்பெனிக்காரன் சொல்லட்டுமே. நீங்க ஏன் போய் மாட்டிக்கிறீங்க?" என்றாள் மனைவி ஷம்சியா.

"இருக்காருன்னு சொன்னது கம்பெனிக்காரனா?"

அவர் அழைத்தார். முதல் மணியிலேயே அகிலா எடுத்தாள்.

"வந்துட்டாரா பாய்? அவருகிட்ட குடுங்க."

அவர் சொல்லி முடித்தார்.

"நேத்து இருக்காருன்னீங்களே?"

"அந்தச் சொல்லு எனக்குத் தெரியல தங்கச்சி. கடையில ஆளுங்க நின்னாங்க. திரும்பக் கேக்க வெக்கப்பட்டுட்டேன்."



"புள்ளைங்க, அப்பா வர்றாருன்னு பள்ளிக்கூடத்துல சொல்லப் போயிருக்குதுக பாய்."

அவள் திட்டவில்லை. போனை வைக்கவும் இல்லை. அவராலும் வைக்க முடியவில்லை.