ரிஃப் மலையில் லண்டன் ராகு காலம்

வெள்ளிக்கிழமை காலை ஸ்டான்ஸ்டெட் விமான நிலையத்தில் அத்தானின் பெட்டியைத் திறக்கச் சொன்னார்கள். உள்ளே ரைஸ் குக்கர். குக்கருக்குள் இரண்டு கிலோ அரிசி. சோதனை செய்த பெண் மூடியைத் தூக்கி, அரிசிக்குள் கைவிட்டுப் பார்த்தாள். நான் வரிசையில் நாலு பேருக்குப் பின்னால் போய், அக்காவையும் அத்தானையும் யாரென்றே தெரியாதவள்போல நின்றுகொண்டேன்.

நான் லண்டன் கோலியர்ஸ் வுட்டில் இருக்கிறேன். பத்தொன்பது வருடமாகப் பள்ளிக்கூடத்தில் புவியியல் படிப்பிக்கிறேன். சுண்ணாம்புக்கல் பாடத்துக்கு வருடா வருடம் ஒரே படத்தைத்தான் திரையில் போடுவேன்: வடக்கு மொரோக்கோவின் ரிஃப் மலை, வெள்ளைப் பாறை, அதில் கறுப்பாக நிற்கும் ஃபிர் மரங்கள். அந்த வகை ஃபிர் அந்த மலையைத் தவிர வேறெங்கும் தானாக வளர்வதில்லை. ஜூனில் எனக்கு வலது முழங்காலில் ஆபரேஷன். அதற்கு முன் அந்த மரத்தின் கீழே ஒரு தடவை நின்றுவிட வேண்டும் என்றிருந்தேன். தனியாகப் போவதுதான் திட்டம். மோர்டனில் இருக்கும் அக்காவிடம் வாய் தவறிச் சொன்னதோடு அந்தத் திட்டம் முடிந்தது. அவளும் அத்தானும் கூடவே கிளம்பிவிட்டார்கள்.

தாஞ்சியரில் இறங்கி, நூற்றுப் பத்துக் கிலோமீட்டர் காரில் போய், மாலை ஷெஃப்ஷாவென் ஊரை அடைந்தோம். ஊரே நீலம் பூசியிருக்கிறது. அதைப் பற்றி எழுதப் பலர் இருக்கிறார்கள். நான் பார்த்தது ஊருக்குப் பின்னால் செங்குத்தாக எழும்பி நிற்கும் சாம்பல் பாறையை. அது ஒரு காலத்தில் கடலடிச் சேறு. ஆப்பிரிக்கா ஐரோப்பாவை நெருக்கியபோது மடிந்து மேலே வந்தது. ஜீப் ஓட்டி யூசுப்பிடம் நாள் வாடகை தொள்ளாயிரம் திர்ஹாம் என்று பேசிக்கொண்டோம். அவர் ஒன்றைத்தான் திரும்பத் திரும்பச் சொன்னார். “காலை ஏழு மணிக்குப் புறப்பட வேண்டும். மத்தியானம் கடல் பக்கமிருந்து மேகம் ஏறிவிடும். பிறகு உங்கள் கையே உங்களுக்குத் தெரியாது.”

சனிக்கிழமை, காலை 7.00. யூசுப் விடுதி வாசலில் நின்றார். அக்கா குக்கரை வைத்துக்கொண்டு அறையில் நின்றாள். பிளக் இந்த ஊர்ச் சுவருக்குள் போகவில்லை.

“அக்கா, வழியில ரொட்டி வாங்கலாம்.”

“ஓம், நீ ரொட்டி தின். இவருக்குச் சோறில்லாமல் ஏலாது.”

9.15. வரவேற்பறையில் இரவல் வாங்கிய அடாப்டரில் சோறு வெந்து, புளி கலந்து, டப்பாவில் அடைபட்டது. 9.40. நான் ஜீப்பில் ஏறி உட்கார்ந்துவிட்டேன். அத்தான் வாசற்படியில் நின்று போனைப் பார்த்தார். லண்டனுக்கென்று கணித்து அச்சிட்ட தமிழ்க் கலண்டரைப் படமெடுத்து வைத்திருந்தார்.

“இறங்கும் பிள்ளை. ராகு காலம் துவங்கிட்டுது. பதினொன்று இருபதுக்குத்தான் வெளிக்கிடலாம்.”

“அத்தான், மேகம் வந்திடும்.”

“மலைப் பாதை. நீர் படிச்சனீர், உமக்குச் சொல்லவேணுமே?”

தொழுகை நேரமா என்று யூசுப் மரியாதையாகக் கேட்டார். அப்படி ஏதோ ஒன்று என்றேன். அவர் புதினாத் தேநீர் சொன்னார். நான் மூன்று கிளாஸ் குடித்தேன். பல்லைக் கடித்துக்கொண்டு தேநீர் குடிப்பது எவ்வளவு கஷ்டம் என்று அன்றுதான் தெரிந்தது.

11.20. புறப்பட்டோம். இருபத்தைந்து கிலோமீட்டரில் பாப் தாசா என்ற சிறிய ஊர். சுற்றிலும் மணற்கல், அதில் தக்கை ஓக் மரங்கள். பட்டை உரித்த இடத்தில் அடிமரம் சிவந்திருந்தது. இந்த மரம் மேலே சுண்ணாம்புக்கல்லில் வளராது, அதற்கு அமில மண் வேண்டும் என்று யூசுப் போகிற போக்கில் சொன்னார். நான் ஒரு தவணை முழுக்கப் படிப்பிப்பதை ஒரே வளைவில் முடித்துவிட்டார். காடு வெட்டிக் கஞ்சா பயிரிட்ட சரிவுகளில் மண் வழிந்து பாறை தெரிந்தது. அதற்குமேல் தார் இல்லை. கற்பாதை என் முழங்காலை எண்ணி எண்ணிக் குத்தியது.

1.30. பாறை வெளுத்தது. இதோ, இதோ என்று நான் கண்ணாடியில் ஒட்டிக்கொண்டிருக்கும்போதே மேகம் மூடியது. இறங்கி நடந்தேன். ஒரு அடிமரம் தெரிந்தது. அதைத் தொட்டேன். மேலே எதுவுமில்லை, வெள்ளை. எங்கோ குரங்கு ஒன்று கத்தியது. ஊசியிலைகளில் பட்ட மேகம் நீராகித் தலையில் சொட்டியது. கீழே ஊர் வெயிலில் காய இந்த மரங்கள் இங்கே பிழைத்திருப்பது இந்த ஈரத்தால்தான். அதை நான் வகுப்பில் சொல்லியிருக்கிறேன். அன்று எனக்கு அது ஆறுதலாக இல்லை. அழுகை வந்தது. அக்கா புளிச்சோற்று டப்பாவை நீட்டினாள். அழுதுகொண்டே தின்றேன்.

திரும்பும் வழியில் சும்மா இருக்க முடியாமல் போனில் கணக்குப் போட்டேன். ராகு காலம் என்பது சூரியன் உதிப்பதிலிருந்து மறைவது வரையான நேரத்தை எட்டாகப் பிரித்து அதில் ஒரு பங்கை எடுப்பது. லண்டனிலும் இங்கேயும் கடிகாரம் ஒன்றுதான், சூரியன் ஒன்றல்ல. ஷெஃப்ஷாவெனில் அன்று ராகு காலம் பத்தேகாலுக்குக் கொஞ்சம் முன் தொடங்கி, பன்னிரண்டுக்குக் கால் மணி இருக்கும்போது முடிகிறது.

“அத்தான், நாங்கள் சரியா ராகு காலத்துக்குள்ளதான் வெளிக்கிட்டிருக்கிறம்.”

அவர் என் போனை வாங்கித் திரையைப் பார்த்தார். “அதுதானே பார்த்தன்,” என்றார். “மரம் தெரியாமல் போனதுக்குக் காரணம் இதுதான்.”

திங்கட்கிழமை கோலியர்ஸ் வுட்டில் கெட்டிலைத் திறந்தால் அடியில் வெள்ளைச் சுண்ணாம்புப் படிவு. அதைச் சுரண்டிக்கொண்டிருக்கையில் அத்தான் எனக்குப் போன் எடுத்தார்.

“அக்டோபர் லீவுக்குத் திரும்பப் போவம். உமக்குக் கால் சரியாகிடும். நாங்களும் வாறம். நேரத்தை நீரே கணிச்சுச் சொல்லும்.”

நான் கணிக்கவில்லை. “அந்த ஊர்க் கணக்குக்குக் காலமை ஏழு மணிக்கு முதல் வெளிக்கிட வேணும் அத்தான். தவறினால் அன்றைக்கு முழுக்கச் சரியில்லை,” என்றேன்.

“கலண்டரில அப்பிடியே கிடக்கு?”

“ஓம். அப்பிடித்தான் கிடக்கு.”

“அப்ப சரி,” என்றார். “அக்காவை இரவே சோறு காய்ச்சச் சொல்லுறன்.”