ஆற்றுப்பாலத்தில் எட்டு வினாடி

சாயங்காலம் ஐந்து மணிக்கு எப்சி சாப்பாட்டு நாற்காலியைத் திருப்பிப் போட்டு, அதன் முதுகை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு உட்காருவாள். கண்ணை மூடுவாள். இரண்டு கைகளும் அங்கே இல்லாத கைப்பிடியைப் பிடிக்கும். எதிரே அவள் புருஷன் ஜாஸ்பர் ஸ்டாப்வாட்சோடு உட்கார்ந்திருப்பான். "போலாம்" என்பாள். அவன் பொத்தானை அழுத்துவான். அவ்வளவுதான், அப்புறம் பாளையங்கோட்டை வீட்டில் அவள் கிடையாது. அறுநூறு கிலோமீட்டர் தள்ளி, சென்னைப் பக்கத்துப் பந்தயத் தடத்தில் பறந்துகொண்டிருப்பாள். அடுப்பில் பால் பொங்கி வழிந்தாலும் தெரியாது, வாசலில் மீன்காரி தொண்டை கிழியக் கூப்பிட்டாலும் கேட்காது.

இதை விளையாட்டு என்று நினைத்துவிடாதீர்கள். சம்பளம் வாங்கிக்கொண்டு மோட்டார் சைக்கிள் பந்தயம் ஓட்டுகிறவர்கள் பலரும் மனசுக்குள் ஒரு சுற்று ஓட்டிப் பார்க்கிறவர்கள்தான். எப்சியின் விசேஷம் என்னவென்றால், அவளுடைய மனச்சுற்றுக்கும் நிஜச்சுற்றுக்கும் அரை வினாடிகூட வித்தியாசம் இருக்காது. ஒரு நிமிடம் ஐம்பத்தெட்டு வினாடி. நாற்காலியில் உட்கார்ந்து ஓட்டினாலும் அதுதான், தார் மேல் ஓட்டினாலும் அதுதான். ஞாயிற்றுக்கிழமை வேதக்கோயிலில் பாதிரி ஐயர் பிரசங்கம் நீளும்போது ஆறு ஏழு சுற்று ஓட்டிவிடுவாள். ஒரு தடவை ஜெபத்துக்கு எல்லோரும் எழுந்து நிற்க, இவள் மட்டும் இடது பக்கமாகச் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். தலை சுற்றுகிறதோ என்று பக்கத்து அக்கா தண்ணீர் வாங்கிவர ஓடினாள்.

அவள் ஓட்டக் கற்றது திருநெல்வேலிப் பேட்டையில். பாலிடெக்னிக் முடித்ததும் தொழிற்பேட்டையில் தளவாய் அண்ணாச்சியின் பட்டறையில் வேலைக்குச் சேர்ந்தாள். பம்பு செட்டுக்கு உதிரிபாகம் கடைந்து கொடுக்கிற பட்டறை. பாபநாசம் வரைக்கும் வயற்காட்டுக்காரர்களுக்கு அதை மோட்டார் சைக்கிளில் கொண்டுபோய்ச் சேர்க்க ஆள் வேண்டும். இரண்டு ஆண்கள் அந்த வேலையில் நிலைக்கவில்லை. எப்சி நான்கு வருஷம் போனாள். பத்தமடை, சேரன்மாதேவி, வீரவநல்லூர், கல்லிடைக்குறிச்சி, ஆற்றுப்பாலம், அம்பை என்று தாமிரபரணி கூடவே போகிற ரோடு. இரண்டு பக்கமும் வயலில் தண்ணீர் நிற்கும், அதில் வானம் கிடக்கும். வண்டி ஓட்டுகிறோமா, மிதக்கிறோமா என்று அவளுக்கே சந்தேகம் வரும். மத்தியானத்துக்குள் திரும்பி வந்து நிற்பாள்.

"ஏட்டி, பொருளக் குடுத்தியா, இல்ல பாதியில போட்டுட்டு வந்துட்டியா?" என்று தளவாய் அண்ணாச்சி கேட்பார். நம்பாமல் வயற்காட்டுக்காரருக்குப் போன் போட்டும் பார்ப்பார்.

அவர்தான் ஒருநாள் செய்தித்தாளில் பெண்களுக்கான பந்தயப் பயிற்சி விளம்பரத்தைப் பார்த்துவிட்டு, "இங்கன கெடந்து ரோட்டுல போற ஆட்டுக்குட்டிய மெரட்டுததுக்கு அங்கன போய் ஓட்டு, போ" என்று கத்தரித்துக் கொடுத்தார். போனாள். முதல் பந்தயத்தில் கடைசி. மூன்றாவது பந்தயத்தில் நான்காம் இடம். இரண்டாம் வருஷம் கோயம்புத்தூரைச் சேர்ந்த ஒரு அணி மாதச் சம்பளத்துக்கு எடுத்துக்கொண்டது. பன்னிரண்டு வளைவுகளையும் மனசில் நிறுத்த மற்றவர்கள் நம்பர் போட்டுப் படிப்பார்கள். எப்சிக்கு நம்பர் நிற்கவில்லை. முதல் வளைவுக்குப் பத்தமடை, இரண்டாவதுக்குச் சேரன்மாதேவி என்று பெயர் வைத்துக்கொண்டாள். வேகமான, பயங்கரமான ஐந்தாவது வளைவு ஆற்றுப்பாலம். அதைத் தாண்டினால் அம்பை. அணி மேனேஜர், "நாலாவதுல எந்த கியரும்மா?" என்று கேட்டால், "கல்லிடைலயா? மூணு சார்" என்பாள். மனுஷன் தலையில் அடித்துக்கொள்வார்.

பத்து வருஷம் ஓட்டினாள். கழுத்தெலும்பு இரண்டு முறை முறிந்தது. கோப்பைகள் அலமாரியில் இடம் இல்லாமல் கட்டிலுக்கு அடியில் போயின. வெள்ளிக்கிழமை ஜெபக்கூட்டத்தில் ஒரு பெரியவர் வாரம் தவறாமல் "சகோதரி எப்சியின் வாகன ஊழியத்துக்காக" என்று மன்றாடுவார். ஆனால் தேசியப் பட்டம் மட்டும் கைக்கு எட்டவில்லை. இரண்டு முறை இரண்டாம் இடம். ஒரு முறை ஒரே ஒரு புள்ளியில் போயிற்று. அந்த ராத்திரி ரயிலில் திருநெல்வேலி வரும்வரை அவள் ஜாஸ்பரோடு ஒரு வார்த்தை பேசவில்லை. அவளுக்கு இப்போது முப்பத்து மூன்று. அடுத்த வருஷம் சின்னப் பெண்களைத்தான் எடுக்கப்போகிறோம் என்று அணியும் சொல்லாமல் சொல்லிவிட்டது. இந்த வருஷம் விட்டால் இல்லை.

இந்த வருஷம் ஜூன் மாதம்தான் அது நடந்தது. ஆற்றுப்பாலத்தில் விழுந்தாள். எப்படி விழுந்தாள் என்று அவளுக்குத் தெரியாது. கல்லிடை ஞாபகம் இருக்கிறது, அப்புறம் ஆம்புலன்ஸின் கூரை ஞாபகம் இருக்கிறது. தலையில் அடி. இரண்டு மாதம் ஓய்வு. ஸ்கேன் எடுத்தார்கள், எல்லாம் நன்றாக இருக்கிறது, ஓட்டலாம் என்றார்கள். ஓய்வில் ஒரு போட்டி தவறிப்போன பிறகும் பட்டியலில் ஆறு புள்ளி முன்னால் அவள்தான் நின்றாள். அக்டோபரில் கடைசிப் போட்டி.

ஓட்டலாம் என்று சொன்ன அன்று சாயங்காலமே ஆனந்தமாக நாற்காலியைத் திருப்பிப் போட்டுக் கண்ணை மூடினாள். பத்தமடை வந்தது. சேரன்மாதேவி வந்தது. வீரவநல்லூர், கல்லிடை எல்லாம் பத்திரமாக வந்தன. அடுத்து அம்பை வந்துவிட்டது. ஆறும் இல்லை, பாலமும் இல்லை. எந்த வழியாக இக்கரையிலிருந்து அக்கரைக்கு வந்தாள் என்று அவளுக்கு விளங்கவில்லை. சுற்றை முடித்துக் கண்ணைத் திறந்தாள். ஒரு நிமிடம் ஐம்பது வினாடி. எட்டு வினாடியைக் காணோம்.

மறுநாளும் அப்படியே. அதற்கு மறுநாளும். கண்ணை இறுக்கி, "பாலம், பாலம்" என்று வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே போனாலும், கல்லிடைக்கு அப்புறம் ஒரு வெள்ளை, உடனே அம்பை. அது வெறும் வளைவா? சக்கரத்தோடு சக்கரம் ஒட்டி ஏழெட்டு வண்டிகள் ஒன்றாகச் சாய்கிற இடம். அங்கே அரை வினாடி கண் அயர்ந்தாலே போச்சு. ஆனாலும் பட்டம் ஆறு புள்ளியில் நிற்கிறதே! நான்காம் நாள் அவள் ஒரு காரியம் செய்தாள். கடைசி நேர்ரோட்டில் மனசுக்குள் வண்டியைக் கொஞ்சம் உலாவ விட்டாள். ஒன்று, இரண்டு என்று எட்டு எண்ணி, அப்புறம் முடித்தாள்.

"கரெக்டா இருக்கா?"

"ஒன்னு அம்பத்தெட்டு" என்றான் ஜாஸ்பர்.

ஜாஸ்பர் ஒரு பள்ளிக்கூட ஆபீசில் கிளார்க். ஞாயிற்றுக்கிழமையில் கோயில் ஆர்கன் வாசிப்பவன். சத்தம் போட்டுப் பேசத் தெரியாதவன். அதற்கப்புறமும் ஐந்து நாள் பொறுத்தான். ஆறாம் நாள் ஸ்டாப்வாட்சை மேஜையில் கவிழ்த்து வைத்தான்.

"ஏட்டி எப்சி, கடைசி நேர்ரோட்டுல அவ்வளவு நேரமா என்ன செய்யுத?"

"ஓட்டுதேன். வேற என்ன செய்வாவ?"

"காணிக்கைப் பை பலிபீடத்துக்கு வந்து சேருத வரைக்கும் கடைசிச் சரணத்த இழுக்கது யாரு? நானு. பதினெட்டு வருசமா இழுக்கேன். இழுத்தா மூச்சு எப்படி இருக்கும்னு எனக்குத் தெரியாதா? நீ நடுவுல ஒரு சரணத்த முழுங்கிட்டு, கடைசில இழுக்க."

எப்சிக்குக் கோபம் வந்தது பாருங்கள்! "ஒங்களுக்கு ஆர்கன் தெரியும். வண்டியப் பத்தி என்ன தெரியும்?" என்று நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்தாள். அடுக்களைக்குப் போனாள். காரணமே இல்லாமல் கழுவின பாத்திரத்தைத் திரும்பக் கழுவினாள். ஜாஸ்பர் பைய வந்து நிலைப்படியில் நின்றான்.

"பாலம் வர மாட்டேங்குது" என்றாள், திரும்பாமலே. "எவ்வளவு பார்த்தாலும் வர மாட்டேங்குது. ஆனா நேருல கண்ணத் தொறந்துட்டுத்தான ஓட்டப்போறேன்? வளைவு எதுத்தாப்புலதான இருக்கும்? இந்த ஒரு தடவ. ஆறு புள்ளி முன்னால நிக்கேன்ங்க."

"நான் யாருட்டயும் சொல்ல மாட்டேன். ஆனா சரியா இருக்குன்னு என் வாயால சொல்லச் சொல்லாத."

அன்றிலிருந்து வீட்டில் மனச்சுற்று நின்றது.

அக்டோபர் இரண்டாம் சனிக்கிழமை காலை, தகுதிச் சுற்று. மழை பெய்து காய்ந்த தடம், லேசான வெயில். ஜாஸ்பர் அணிக் கூடாரத்துக்கு வெளியே, கைகளை எங்கே வைப்பதென்று தெரியாமல் நின்றான். எப்சி ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டு போனாள். முதல் இரண்டு சுற்றும் மெதுவாக, ஐந்தாவது வளைவில் முதல் கியர் போட்டுப் பாட்டியம்மா மாதிரி ஓட்டினாள். வளைவு எதிரே இருந்தது. தார் இருந்தது, வெள்ளைக் கோடு இருந்தது. பார்த்தாயா, எல்லாம் இருக்கிறது என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். மூன்றாவது சுற்றில் வண்டியை விட்டாள்.

அப்படி ஒரு சுற்று அவள் வாழ்நாளில் ஓட்டியதில்லை. என்ஜின் சத்தம் தூரத்தில் எங்கோ கேட்டது. பத்தமடையில் கோரையின் ஈர வாசனை அடித்தது. சேரன்மாதேவியில் இரண்டு பக்கமும் தண்ணீர் கட்டிய வயல், நடுவில் கறுப்பாக ரோடு, அதன்மேல் இவள் பாரமே இல்லாமல் போகிறாள். வீரவநல்லூரில் முழங்கால் தரையைத் தடவிக்கொண்டு போனது. கல்லிடையில் மூன்றாவது கியர். மேற்கே மலை நீலமாக நின்றது. எவ்வளவு சுகம்! இப்படியே போய்க்கொண்டிருந்தால் போதும் என்று இருந்தது.

அடுத்து அவள் அம்பையில் இருந்தாள்.

நடுவில் ஒன்றுமே இல்லை. கண் திறந்துதான் இருந்தது, கை பிடித்துத்தான் இருந்தது, ஆனால் வந்த வழி தெரியவில்லை. மீதி வளைவுகளை எப்படியோ முடித்துக்கொண்டு கூடாரத்துக்குத் திரும்பினாள். அங்கே ஒரே ஆர்ப்பாட்டம். மெக்கானிக் பையன்கள் குதிக்கிறார்கள். மேனேஜர் ஓடிவந்து ஹெல்மெட்டோடு சேர்த்து அவள் தலையைப் பிடித்து ஆட்டினார்.

"ஒன்னு அம்பத்தாறு! அம்மிணி, ஒன்னு அம்பத்தாறு! இந்த டிராக்குல பொம்பளைப் புள்ளைக யாரும் இதைத் தொட்டதில்ல!"

லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு வந்து காட்டினார். வண்டியில் இருந்த கருவி ஒவ்வொரு வளைவையும் கோடாக வரைந்திருந்தது. "இங்க பாரு, அஞ்சாவது. பிரேக்கையே தொடல நீ. எத்தனை வருசமா நான் சொல்றேன், இப்படிப் போன்னு! என்ன அழகாப் போயிருக்க பாரு!"

எப்சி அந்தக் கோட்டைப் பார்த்தாள். உண்மையிலேயே அழகாக இருந்தது. ஒரு நடுக்கம் இல்லை, ஒரு தயக்கம் இல்லை. வேறு யாரோ ஓட்டியதைப் பார்ப்பதுபோல் பார்த்துக்கொண்டு நின்றாள். இதை ஓட்டியது யார்? அவள் வாயைத் திறக்காவிட்டால் நாளைக்கு முதல் வரிசையில் முதல் இடம். இதே மாதிரி இன்னொரு தடவை ஓட்டினால் பட்டம். பத்து வருஷம், இரண்டு கழுத்தெலும்பு, அந்த ரயில் பயணம், எல்லாவற்றுக்கும் பதில் அந்த ஒரு கோட்டில் இருந்தது. கூடாரத்துக்கு வெளியே ஜாஸ்பர் நின்றான். அவன் தலையாட்டவும் இல்லை, கூப்பிடவும் இல்லை. அவளைப் பார்த்தபடி நின்றான், அவ்வளவுதான்.

"சார், என் பேர எடுத்துருங்க" என்றாள்.

மேனேஜருக்கு முதலில் காதில் விழவில்லை. விழுந்ததும் சிரித்தார்.

"அந்த வளைவுல நான் இல்ல சார். நாலாவது ஞாபகம் இருக்கு, ஆறாவது ஞாபகம் இருக்கு. நடுவுல ஒன்னுமே இல்ல. விழுந்ததுலருந்தே அப்படித்தான். ஒங்களுக்குத் தெரியாம மறச்சுட்டேன்."

"அம்மிணி, டாக்டர் சரிங்கறார். மெஷின் சரிங்குது. உன் டைம் சரிங்குது. நீயா வாயத் தொறந்து சொல்லாட்டி யாருக்குத் தெரியப்போகுது?"

"பின்னால வாற பிள்ளைகளுக்குத் தெரியாதுல்லா சார். முன்னால போற வண்டியில ஆளு இருக்குன்னு நம்பித்தான ஒட்டிக்கிட்டு வாறாவ."

மேனேஜர் தொப்பியைக் கழற்றினார். டயர் அடுக்கின் மேல் உட்கார்ந்து லேப்டாப்பை மூடினார். திட்டுவார் என்று எப்சி காத்திருந்தாள். திட்டியிருந்தால் நன்றாயிருந்திருக்கும். அவர் எழுந்து, அவள் தோளில் ஒரு தட்டுத் தட்டிவிட்டு, பட்டியலில் பெயரை அடிக்கப் போனார். எப்சி கூடாரத்துக்குப் பின்னால் போய், லெதர் சூட்டைப் பாதி கழற்றிய கோலத்தில் உட்கார்ந்து, விக்கி விக்கி அழுதாள். வலிக்காமல் எப்படி இருக்கும்? ஜாஸ்பர் பக்கத்தில் உட்கார்ந்து, சூட்டின் கையை மடித்து மடித்து வைத்துக்கொண்டிருந்தான்.

மறுநாள் ஊருக்குப் போய்விடலாம் என்று அவன் சொன்னான். அவள் கேட்கவில்லை. பந்தயம் தொடங்குமுன் தடத்தின் வெளிச்சுற்று வழியாக நடந்து, ஐந்தாவது வளைவின் வேலிக்குப் போனாள். பத்து வருஷத்தில் அந்த இடத்தை நின்றபடி அவள் பார்த்ததே இல்லை. சத்தம் முதலில் வந்தது, அப்புறம் வண்டிகள் வந்தன. முன்னால் காயல்பட்டினத்துப் பெண் தஸ்மியா, பத்தொன்பது வயது. அவள் பின்சக்கரத்துக்கு ஒரு விரற்கடை விட்டு இன்னொரு பெண், அவளை ஒட்டி இன்னும் ஐந்து பேர். ஏழும் ஒன்றாகச் சாய்ந்து, பிரேக் தொடாமல் உள்ளே போயின. எப்சி வேலிக் கம்பியைப் பிடித்துக்கொண்டாள். வெளியே வரவர ஒவ்வொன்றாக எண்ணினாள்.

ஏழு.