பொங்காத மாவு

தில்லி துவாரகாவின் தமிழ் வீடுகளில் பாதிக்கு மேல் அருக்காணியின் மாவில்தான் இட்லி வேகிறது. மெட்ரோ நிலையத்துக்குப் பின்னால் ஒரு சந்தில் அவளுடைய கடை. கணவர் சிவஞானம் ராணுவத்திலிருந்து ஓய்வு பெற்ற கையோடு சேலத்துக்கே போய்விடலாம் என்றார். "நீங்க போய்ட்டு வாங்க. எனக்கு இங்க சோலி இருக்குது" என்றாள் அருக்காணி. மனிதர் போகவில்லை. இப்போது ஸ்கூட்டரில் வீடு வீடாக மாவு கொண்டுபோய்க் கொடுப்பது அவர்தான்.

அருக்காணிக்கு ஒரு பிடிவாதம் உண்டு. எதை வாங்கினாலும் அந்தச் சந்துக்குள்ளேயே வாங்குவாள். உளுந்து மூலைக்கடை குப்தாவிடம், டீக்குத் தொட்டுக்கொள்ள ரஸ்க் சலீம் பாயின் பேக்கரியில். ஐ.என்.ஏ. மார்க்கெட்டில் இன்னும் மலிவு என்று யாராவது சொன்னால் போதும், பிடித்துக்கொள்வாள். "இவங்க கையில நாலு காசு பொழங்குனாத்தானுங்க நம்ம கடைக்கும் வருவாங்க?" வந்தார்கள்தான். குப்தா வீட்டில் இப்போது செவ்வாய்க்கிழமை தவறாமல் தோசை.

தில்லித் தமிழர்களின் குடிசைப் பகுதியான மதராசி கேம்ப் இடிபட்டபோது வீட்டை இழந்த தமிழ்செல்வி, தீபாவளி முதல் அவளிடம் வேலை செய்கிறாள். அதே சந்தில் ஓர் அறை எடுத்திருக்கிறாள். நல்ல வேலைக்காரி. ஆனால் கடையில் நடக்கிற வியாபாரம் இன்னோர் ஆளைத் தாங்காது. தை மாதம் வரை பார்க்கலாம் என்று அருக்காணி சொல்லியிருந்தாள். சொன்ன நாளிலிருந்து அவளுக்கே மனசு கேட்கவில்லை.

அந்த நேரத்தில்தான் தமிழ்ச் சங்கச் செயலாளர் ராமசுப்ரமணியன் வந்தார். ஞாயிற்றுக்கிழமை பொங்கல் விழா, நானூறு பேருக்குக் காலைச் சிற்றுண்டி. "மாவு நன்னா இருந்துதுன்னா, இனிமே ஒவ்வொரு ஞாயித்துக்கிழமையும் உங்ககிட்டதாம்மா" என்றார். அது கிடைத்தால் தமிழ்செல்விக்கு வேலை நிரந்தரம். இல்லாவிட்டால் அறையைக் காலி செய்துவிட்டு அவள் வேறு பிழைப்புத் தேட வேண்டியதுதான்.

வெள்ளி மாலை அருக்காணி தானே முன்நின்று ஆறு டிரம் மாவு அரைத்தாள். மாவு சூடாகக் கூடாது, குளிர்ந்த தண்ணீர் தெளித்துத் தெளித்து அரைக்க வேண்டும் என்பது சேலத்துப் பாடம். பழக்கதோஷம் யாரை விட்டது? தில்லி ஜனவரியில், மொட்டைமாடித் தொட்டித் தண்ணீரைப் பிடித்துப் பிடித்து ஊற்றினாள். அது கை விரலையே மரத்துப்போக வைக்கிற தண்ணீர். தினமும் அரைக்கிற இரண்டு டிரம்முக்குப் போர்த்தப் பஞ்சு ரஜாய் இருந்தது. ஆறுக்கு எங்கே போவது?

சனிக்கிழமை காலை மூடியைத் திறந்தால், மாவு ஊற்றிய மட்டத்திலேயே கிடந்தது. வெளியே ஒரே மூடுபனி. சூரியனைக் காணோம்.

"இன்னாக்கா, ஒரு குமிழிகூட வரலியே?" என்றாள் தமிழ்செல்வி.

அருக்காணிக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. "எம்புத்தியச் செருப்பால அடிக்கோணும்" என்று வாய்விட்டே சொன்னாள். பிறகு முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு சலீம் பாயின் பேக்கரிக்கு ஓடினாள். பன்னுக்கு மாவு உப்ப வைக்க அங்கே அடுப்பை ஒட்டி வெதுவெதுப்பான ஓர் அறை உண்டு.

"பாய், என் மாவுக்குக் குளிர் ஜுரம்!" என்றாள் தனக்குத் தெரிந்த இந்தியில்.

சலீம் பாய் விழுந்து விழுந்து சிரித்தார். சிரித்துக்கொண்டே பன் தட்டுகளை நகர்த்தி நாலு டிரம்முக்கு இடம் பண்ணினார். மீதி இரண்டும் குப்தாவின் மச்சான் நடத்தும் மிட்டாய்க் கடையில், பால் காய்ச்சும் அடுப்பருகே போய் உட்கார்ந்தன. தமிழ்செல்வி இரண்டு கடைக்கும் நடையாய் நடந்தாள். மணிக்கொரு தரம் மூடியைத் திறக்காதே என்று சலீம் பாய் அதட்டினார். மாலை நாலு மணிக்கு அவள் சந்தே கேட்கும்படி கத்தினாள்:

"எழும்பிடுச்சிக்கா! மூடியத் தள்ளுது!"

ஞாயிறன்று ராமசுப்ரமணியன் ஏழாவது இட்லியோடு வந்து நின்றார். "அடுத்த வாரமும் இதே அளவு வேணும். இப்பவே சொல்லிட்டேன்" என்றார்.

அவர் நகர்ந்ததும் தமிழ்செல்வி தயங்கித் தயங்கிக் கேட்டாள். "அப்ப நான் நாளைக்கு வரட்டாக்கா?"

"இதென்ன கேள்வி? வா கண்ணு. வர்றப்ப உங்க கேம்ப்ல இருந்த பொண்ணு யாராச்சும் வேலையில்லாம இருந்தா கையோட கூட்டிட்டு வா. வாராவாரம் ஆறு டிரம்மு, நம்ம ரெண்டு பேரு கை பத்தாது."