இருமல் சுப்புராயன்

சுப்புராயன் பேச எழுந்தால் ஆட்கள் சைக்கிளை எடுக்கப் போய்விடுவார்கள். அறுபத்தேழு, அறுபத்தெட்டில் எங்கள் சங்கத்தின் வாயிற்கூட்டங்கள் எல்லாம் அப்படித்தான் முடிந்தன. சாயங்காலம் நாலு மணிக்கு ஷிப்டு விட்டதும், விருத்தாசலம் செராமிக் பேட்டையில் எங்கள் கம்பெனி கேட்டுக்கு எதிரே இருந்த வேப்பமரத்தடியில் ஒரு ஸ்டூலைப் போடுவோம். சுப்புராயன் அதில் ஏறி நின்று, சட்டைப் பையிலிருந்து நாலாய் மடித்த தாள்களைப் பிரிப்பார். முதல் தாளிலேயே கூட்டம் பாதியாகிவிடும். மூன்றாவது தாளில் டீக்கடைக்காரரும் நானும் மட்டும் நிற்போம். டீக்கடைக்காரருக்குக் கடை அங்கேதான். நான் சங்கச் செயலாளர், போக வழியில்லை.

இத்தனைக்கும் அவர் சொன்னதில் ஒரு வார்த்தைகூடப் பொய் கிடையாது. அவர் வேலை பார்த்தது கல் அரைக்கும் கொட்டகையில். கப்புக்கும் சாஸருக்கும் கரண்டுக் கம்பத்துப் பீங்கானுக்கும் வெள்ளைக்கல்லை மாவாக அரைக்க வேண்டும். அந்த மாவு கொட்டகைக்குள் எந்நேரமும் பறந்துகொண்டிருக்கும். உள்ளே ஏழு பேர். அதில் ஒருவர் பழமலை. சுப்புராயனுக்கும் அவருக்கும் பக்கத்துப் பக்கத்து ஊர். அறுபத்திரண்டில் ஒரே நாளில் வேலைக்குச் சேர்ந்து, ஒரே சைக்கிளில் வந்துபோய்க் கொண்டிருந்தார்கள். போகும்போது ஒருவர் மிதித்தால் வரும்போது மற்றவர் மிதிப்பார். அறுபத்தாறு வாக்கில் பழமலையால் மிதிக்க முடியவில்லை. மேடு வந்தால் இறங்கி நின்று இருமினார்.

சுப்புராயன் கேட்டது இரண்டுதான். கொட்டகையில் தூசியை இழுத்து வெளியே தள்ளுகிற பெரிய ஃபேன் ஒன்று மாட்ட வேண்டும். பழமலையைக் கொட்டகையிலிருந்து அச்சு ஊற்றுகிற பக்கம் மாற்ற வேண்டும், அவர் நெஞ்சு முழுசாகக் கெடுவதற்குள். கேட்க ஆள் நின்றால்தானே கம்பெனி பயப்படும்? ஆள் நிற்கவில்லை.

அப்போதுதான் நான் என் திருவாயைத் திறந்தேன்.

"சுப்புராயா, நீ சொல்றதெல்லாம் நெசந்தான். ஆனா எழவு வூட்டுல ஒக்காந்திருக்கிற மாதிரி இருக்குது. கொஞ்சம் சிரிக்க சிரிக்கப் பேசுய்யா. சிரிச்சா நிப்பானுவோ. நின்னா கேப்பானுவோ."

"எனக்கு அது வராதே ராஜாங்கம்."

"வராதுன்னா கத்துக்க."

சொன்னவன் நான். இதை முதலிலேயே எழுதிவிடுகிறேன்.

எதைச் செய்தாலும் ஒழுங்காகச் செய்கிற மனுஷன் அவர். நாற்பது பக்க நோட்டு ஒன்று வாங்கினார். அட்டையில் "நகைச்சுவை" என்று எழுதிக் கீழே கோடு போட்டார். முடிவெட்டுகிற கடையில் கிடக்கும் பழைய வாரப் பத்திரிகைகளிலிருந்து ஜோக்குகளைத் தேதி போட்டு எழுதிக்கொண்டார். ஆடி மாதம் கூத்து நடக்கிற ஊர்களுக்கெல்லாம் போய் முன்வரிசையில் உட்கார்ந்து, கோமாளியாக வருகிற கட்டியங்காரன் எந்த இடத்தில் என்ன செய்தான், ஜனங்கள் எவ்வளவு நேரம் சிரித்தார்கள் என்று குறித்துக்கொண்டு வந்தார். சுற்றிலும் அத்தனை பேர் விழுந்து விழுந்து சிரிக்க, அவர் முகம் மட்டும் பரீட்சை எழுதுகிறவன் முகமாக இருக்கும்.

அவர் மனைவி ஆதிலட்சுமிதான் முதலில் மாட்டிக்கொண்டது. அது மாவாட்டும்போது எதிரில் நின்று ஜோக்கு சொல்வார். அது ஆட்டுவதை நிறுத்திவிட்டு அவர் முகத்தையே பார்க்கும். "இதுக்கு சிரிக்கணுங்களா?" என்று கேட்குமாம். ஒருநாள் என் வீட்டுக்கு வந்து என் சம்சாரத்திடம், "அவருக்கு ஒடம்புல ஏதாச்சும் கோளாறான்னு அண்ணங்கிட்ட கேட்டுச் சொல்லுங்க" என்று கண்கலங்கிவிட்டுப் போனது.

முதல் முயற்சி படுதோல்வி. ஸ்டூலில் ஏறியவர், "தோழர்களே, இப்போது ஒரு நகைச்சுவை கூறுகிறேன்" என்று அறிவித்துவிட்டுக் கூறினார். ஒருவனும் சிரிக்கவில்லை. அதில் எது நகைச்சுவை என்று விளக்கினார். விளக்கத்துக்கு ரெண்டு பேர் சிரித்தார்கள், அதுவும் பரிதாபப்பட்டு. இறங்கி வந்தவர் பழமலையைப் பின்னால் ஏற்றிக்கொண்டு சைக்கிளை மிதித்துப் போனார். எனக்கே அழுகை வந்தது.

அறுபத்தொன்பதில், மாசி மகத் திருவிழா முடிந்த வாரம், அது தானாக நடந்தது. மானேஜர் மூக்கில் கைக்குட்டையை வைத்துக்கொண்டு கொட்டகைக்குள் எட்டிப்பார்த்த கதையை ஸ்டூலில் நின்று சுப்புராயன் சொல்லிக்கொண்டிருந்தார். மானேஜர் "சௌக்கியமா பழமலை?" என்று கேட்கிறார். பழமலை பதில் சொல்ல வேண்டும். வந்தது இருமல். நடந்ததை நடந்தபடி சொல்கிற ஆளாயிற்றே, சுப்புராயன் அந்த இருமலையும் நடந்தபடி இருமிக் காட்டினார். இடுப்பு மடிய, ஒரு கை முட்டியில் ஊன்ற, மறு கை "கொஞ்சம் இருங்க" என்று மேலே எழும்ப, "சௌ... சௌக்..." என்று இழுத்து, சௌக்கியம் என்ற வார்த்தை கடைசிவரை வெளியே வராமல் போக, கூட்டம் வெடித்தது. சைக்கிளில் ஏறியவன் இறங்கினான். கேட்டைத் தாண்டியவன் திரும்பி வந்தான். கூட்டத்தில் பழமலையும் இருந்தார், அவரும் சிரித்தார். சிரிப்பு இருமலில் கொண்டுபோய் விட்டது. குனிந்து, முட்டியில் கை ஊன்றி, மறு கையைத் தூக்கினார். அதைப் பார்த்து ஜனங்கள் இன்னும் சிரித்தார்கள்.

சுப்புராயன் பயந்துபோய் அவரிடம் ஓடினார். பழமலை கண்ணைத் துடைத்துக்கொண்டு, "நல்லா இருந்துச்சுய்யா. அடுத்த வாட்டியும் செய். என் இருமலு எதுக்காச்சும் ஒதவட்டும்" என்றார்.

அந்த ஒரு வார்த்தையைப் பிடித்துக்கொண்டு நாங்கள் மூன்று வருஷம் ஓட்டினோம்.

அதற்குப் பிறகு கூட்டத்துக்கு ஆள் சேர்க்க நான் அலையவே இல்லை. இருநூறு பேர் நின்றார்கள். பக்கத்துக் கம்பெனி ஆட்கள் வந்தார்கள். நோட்டில் ஜோக்குகளுக்குப் பதில் இருமல்கள் ஏறின. வேலைக்கு வரும்போது இருமுவது ஒன்று, சூப்பர்வைசரைப் பார்த்ததும் அடக்கிக்கொண்டு இருமுவது ஒன்று, மாமியார் வீட்டில் மரியாதையாக இருமுவது ஒன்று என்று பதினோரு வகை. ஸ்ரீமுஷ்ணத்தில் கூப்பிட்டார்கள், மங்கலம்பேட்டையில் கூப்பிட்டார்கள். நோட்டீஸில் "இருமல் சுப்புராயன்" என்று அச்சடித்தார்கள். ஆதிலட்சுமிகூட ஒரு தடவை சிரித்துவிட்டதாகச் சுப்புராயன் வெட்கத்தோடு சொன்னார். அன்றைக்கு அவர் முகத்தைப் பார்த்திருக்க வேண்டும்.

ஃபேன் என்னவாயிற்று? முன்பெல்லாம் நாலு தாளும் ஃபேனைப் பற்றித்தான். பிறகு ஒரு தாளானது. பிறகு கடைசிச் சிரிப்புக்குப் பின்னால் வருகிற ஒரு வரியானது. அந்த வரி வரும்போது எல்லோரும் கண்ணைத் துடைத்துக்கொண்டு கிளம்பிக்கொண்டிருப்பார்கள்.

மாடி ஜன்னலில் நின்று மானேஜரும் கேட்பார், வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிப்பார். பேச்சுவார்த்தைக்கு எங்களைக் கூப்பிட்டபோது அவரோடு வெளியூர்க்காரர் ரெண்டு பேர் உட்கார்ந்திருந்தார்கள்.

"ஒக்காருங்க சுப்புராயன். இவங்க உங்களப் பத்திக் கேள்விப்பட்டிருக்காங்க. ஒரே ஒரு தடவ செஞ்சி காட்டிடுங்க, அப்பறம் விஷயத்துக்கு வருவோம்" என்றார் மானேஜர்.

சுப்புராயன் என்னைப் பார்த்தார். செய் என்று கண்ணைக் காட்டினேன். செய்தார். மூன்று பேரும் சிரித்தார்கள். டீ வந்தது. ஃபேன் விஷயத்துக்கு "பாக்கலாம்" என்றார்கள். பழமலையை மாற்றுவதற்கும் "பாக்கலாம்". வெளியே வரும்போது எங்களுக்கும் என்னவோ ஜெயித்த மாதிரிதான் இருந்தது. அந்த நினைப்பை இப்போது நினைத்தால் என்னை நானே செருப்பால் அடித்துக்கொள்ளலாம் போலிருக்கிறது.

பழமலை கடைத்தெருவுக்குப் போவது நின்றது. ரேஷன் கடை வரிசையில் இருமினால் முன்னால் நிற்பவன் திரும்பிப் பார்த்துச் சிரிப்பான். பஸ்ஸில் இருமினால் கண்டக்டர், "என்னாய்யா, சுப்புராயன் மாதிரியே பண்றியே" என்பான். வாயில் துண்டை வைத்து அழுத்திக்கொள்ளப் பழகிக்கொண்டார். கூட்டத்துக்கும் வருவதில்லை. புதுச்சேரி ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே எடுத்தார்கள். நெஞ்சுக்குள் கல்லுமாவு படிந்திருக்கிறது, அதை எடுக்க மருந்து கிடையாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். அப்படியும் பழமலை கொட்டகைக்கு வந்துகொண்டுதான் இருந்தார். வேறு என்ன வேலை தெரியும்?

எழுபத்திரண்டில் ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், சுப்புராயன் வீட்டு வாசலில் நானும் அவரும் உட்கார்ந்து அடுத்த கூட்டத்துக்கு எழுதிக்கொண்டிருந்தோம். பழமலையின் மனைவி காசியம்மாள் வந்தது. சண்டைக்கு வந்திருக்கிறது என்று நினைத்தேன். சண்டை போட்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"ஒக்காரு காசியம்மா" என்றார் சுப்புராயன்.

அது உட்காரவில்லை. "நேத்து அவருக்கு சோறு போட்டன் அண்ணே. ஒரு வாய் வெக்கறதுக்குள்ள வந்துடுச்சு. குனிஞ்சி, முட்டியில கைய ஊனி, ஒத்தக் கையத் தூக்குனாரு. நான் சிரிச்சிட்டன்."

சுப்புராயன் எழுதுவதை நிறுத்தினார்.

"நீங்க பண்றீங்களே, அப்பிடியே இருந்துச்சு. அடக்கிப் பாத்தன், முடியல. கட்டுனவ நானே சிரிச்சிட்டன் அண்ணே. அவரு என்ன ஒரு பார்வை பாத்தாரு. அதுலேருந்து என் எதுர்ல இருமறதில்ல. வந்தா எழுந்து கொல்லைக்குப் போயிடறாரு." முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டது. "சொல்லணும்னு தோணுச்சு, சொல்லிட்டன். போயிட்டு வரேன்."

அது தெருமுனை திரும்பும்வரை சுப்புராயன் பார்த்துக்கொண்டே இருந்தார். பிறகு நோட்டை மூடினார். "இனிமே செய்யமாட்டன் ராஜாங்கம்" என்றார். அதோடு நான் விட்டிருக்க வேண்டும். விடவில்லை. அடுத்த வாரம் எங்கள் கேட்டில் பேட்டையிலுள்ள எல்லாச் சங்கங்களும் சேர்ந்து நடத்துகிற பெரிய கூட்டம். ஆயிரம் பேர் வருவார்கள், இந்த ஒரு தடவை மட்டும், அந்த ஃபேனுக்காக, பழமலைக்காக என்று பேசிப் பேசிக் கரைத்தேன். செய்தார். பதினோரு இருமலும் செய்தார். அவ்வளவு சிரிப்பை நான் வாழ்க்கையில் கேட்டதில்லை. இறங்கி வந்து, வேப்பமரத்துக்குப் பின்னால் போய் நின்று அழுதார். ஃபேன் வரவில்லை.

எழுபத்து மூன்று தை மாதம் பழமலை செத்துப்போனார். முப்பத்தெட்டு வயது.

பத்தாம் நாள் கேட்டில் இரங்கல் கூட்டம். சுப்புராயன் மறுபடியும் நாலு தாள் எழுதிக்கொண்டு வந்தார். அதில் ஒரு சிரிப்புக்கூட இல்லை. கல்லுமாவு நெஞ்சுக்குள் போய் என்ன செய்கிறது, கொட்டகையில் மிச்சமிருக்கிற ஆறு பேருக்கு என்ன ஆகப்போகிறது என்று வரி வரியாக எழுதியிருந்தார். காசியம்மாள் முன்னால் நின்றிருந்தது. முந்நூறு பேர் கூடியிருந்தார்கள். ஒருவரும் சைக்கிளைத் தொடவில்லை. இன்றைக்குக் கேட்பார்கள் என்று நான் நம்பினேன். அவரும் நம்பினார் என்று அவர் தாளைப் பிரித்த விதத்திலேயே தெரிந்தது.

"தோழர்களே, பழமலை..." என்றார். அடுத்த வார்த்தைக்குப் பதில் இருமல் வந்தது.

சுப்புராயனும் அதே கொட்டகையில் பதினோரு வருஷம் வேலை பார்த்தவர்தான். இதை நாங்கள் யாருமே யோசித்துப் பார்க்கவில்லை. உடம்பு மடிந்தது. தாள்கள் கீழே விழுந்தன. ஒரு கை முட்டியில் ஊன்றியது. பின்வரிசையில் யாரோ களுக்கென்று சிரித்தான். இது நிஜம், கொஞ்சம் இருங்க என்று சொல்வதற்காக அவர் மறு கையைத் தூக்கினார்.

அந்தக் கையைப் பார்த்ததும் மொத்தக் கூட்டமும் சிரித்தது. இழவுக்கு வந்த கூட்டம், சிரிக்கக் கூடாது என்று வாயைப் பொத்திக்கொண்டு, பொத்த முடியாமல் சிரித்தது. காசியம்மாள் மட்டும் சிரிக்கவில்லை. நான் சிரித்தேன். பக்கத்தில் நின்றிருந்த நானும், எல்லாம் தெரிந்த நானும், ரெண்டு விநாடி சிரித்தேன். அவர் குனிந்தபடியே தலையைத் திருப்பி என்னைப் பார்த்தார்.

அதற்குப் பிறகு சுப்புராயன் ஸ்டூலில் ஏறவில்லை. எழுபத்தாறு வரை கொட்டகைக்கு வந்தார், பிறகு முடியவில்லை. நான் ஞாயிற்றுக்கிழமைதோறும் போய்ப் பார்த்துவிட்டு வருவேன். ஆதிலட்சுமி டீ போட்டுக் கொடுக்கும். மழையைப் பற்றியும் விலைவாசியைப் பற்றியும் பேசுவோம். பேசிக்கொண்டே இருக்கும்போது அவர் துண்டை எடுத்து வாயில் வைத்து அழுத்திக்கொள்வார். கழுத்து நரம்பு புடைக்கும், கண்ணில் நீர் தளும்பும், தோள் குலுங்கும். சத்தம் மட்டும் வராது. "இருமிடேன்யா" என்று ஒரு தடவை சொல்லிப் பார்த்தேன். இல்லை என்று தலையை ஆட்டினார்.

அவ்வளவுதான் எனக்கு மரியாதை என்று புரிந்துகொண்டு சீக்கிரமாகவே எழுந்துவிடுவேன். "போயிட்டு வரேன் சுப்புராயா" என்பேன். கையை மட்டும் தூக்குவார். நான் வாசலில் இறங்கி, சைக்கிள் ஸ்டாண்டைத் தட்டிவிட்டு, நாலு வீடு தாண்டும்வரை பொறுத்திருப்பார். அதற்குப் பிறகுதான் உள்ளேயிருந்து இருமல் சத்தம் வரும்.